ஆயிரத்து இருநூற்றொன்பது

ஸ்கோர் புத்தகத்தைப் பென்சிலால்தான் எழுதுவேன்.
முப்பத்திரண்டு வருஷமாக அதே மேசை,
நடுக்கோட்டுக்கு நேராக அதே இரும்பு நாற்காலி.
மார்லிஸ் ஒட்டெசன் ஆடியபோதும் நான்தான் எழுதினேன்,
பயிற்சியாளராகி நடுவரைத் திட்டியபோதும் நான்தான்.

எழுபத்து நாலில் பெண்களுக்கென்று தனிப் பந்து கிடையாது.
ஆண்களின் பந்து. கைக்கு அடங்காது.
அதை இடுப்பில் அணைத்தபடி ஓடி வருவாள்,
கோதுமை மூட்டை இறக்கிப் பழகிய தோள் அவளுக்கு.
சீருடை வாலிபால் அணியிடம் இரவல்;
வியர்வை காய்வதற்குள் திருப்பிக் கேட்பார்கள்.
பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர்.
அதில் இரண்டு பேர் துடைப்பத்தோடு நின்றார்கள்,
எப்போது முடியும், எப்போது தரை துடைக்கலாம் என்று.

இடது மூலையிலிருந்து எறிவாள்.
வளையத்தில் படாது. வலை மட்டும்
ஈரத்துணியை உதறுவதுபோல் ஒரு சத்தம் போடும்.
இரண்டு. மறுபடி இரண்டு.
மூன்று புள்ளிக் கோடு அன்றைக்கு எந்தத் தரையிலும் இல்லை.

நாலு வருஷத்தில் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
கூட்டியது நான். ஒரு சனிக்கிழமை
மூன்று தடவை சரிபார்த்துச் சொன்னேன்.
"அப்படியா" என்றாள், ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

பிறகு சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட்,
பீட் கிழங்கு புளித்த வாடை கோட்டை விட்டுப் போகாது.
எண்பத்து மூன்றில் கல்லூரி கூப்பிட்டது.
பயிற்சியாளர், வேன் ஓட்டுநர், சீருடை துவைப்பவர்.
மூன்று வேலை, ஒரு சம்பளம், அதுவும் பாதி.
முதல் வருஷம் மூன்று வெற்றி, இருபத்திரண்டு தோல்வி.
பனிப்புயலில் வேன் நின்றுபோன இரவு
பத்துப் பெண்களையும் தூங்கவிடாமல்
தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்களை
ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வைத்தாள்.
விடிந்தும் முடியவில்லை.

ஜெயிக்கத் தொடங்கிய பிறகு சுவரில் ஒரு பலகை வந்தது.
சாதனைகள். கீழே பொடி எழுத்தில்: 1982 முதல்.
எத்தனையோ முறை அதன் கீழே நடந்தாள்.
அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை.

தொண்ணூற்றேழில் ஆறு ஊருக்குள் வந்தது.
என் அடித்தளத்தில் நாலடித் தண்ணீர்.
பேனாவால் எழுதிய திருமணப் பதிவு, கடிதங்கள்
எல்லாம் நீலச் சாயமாய்ப் போயிற்று.
பழைய ஸ்கோர் புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டேன்.
தாள் உப்பிவிட்டது. பென்சில் கரையவில்லை.

டெஷா பெல்கார்ட் வந்தது அதற்கு அப்புறம்.
டர்ட்டில் மலைப் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள்,
அதே இடது மூலை. அதே உதறல் சத்தம்.
நாலாம் வருஷம் ஜனவரியில் பலகையைத் தாண்டினாள்.
கேக் வெட்டினார்கள், மார்லிஸ் ஊட்டிவிட்டாள்,
கிரீம் மூக்கில் ஒட்டிய படம் பத்திரிகையில் வந்தது.

கடைசி ஆட்டம். இருபது நிமிஷத்தில் பத்தொன்பது புள்ளி.
நான் ஓரத்தில் கூட்டிக்கொண்டே வந்தேன்:
ஆயிரத்து இருநூற்றொன்பது.
முப்பத்தொன்று முன்னிலை, நாலு நிமிஷம் மீதி.
மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள்.
அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
என் பென்சில் நின்ற இடத்தைப் பார்த்தாள்,
பெஞ்சிலிருந்து ஒரு முதல் வருஷக்காரியை எழுப்பினாள்.

டெஷா வெளியே வந்தாள், துண்டால் தலையை மூடிக்கொண்டாள்.
கூட்டம் எழுந்து கைதட்டியது, இப்போது இரண்டாயிரம் பேர்.
அவளை மார்லிஸ் இழுத்து அணைத்தாள்,
வழக்கத்தைவிட நேரம் அதிகமாக.

முப்பத்தொன்று முன்னிலையில் எவரும் மாற்றுவார்கள்.
எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் செய்வார்.
அதைத்தான் நானும் மனைவியிடம் சொன்னேன்.

விளக்கு அணைத்த பிறகு என் மேசைக்கு வந்தாள்,
வாயில் விசில் கயிறு, கையில் வேன் சாவி.
"ஆர்விட், அந்தப் பழைய புத்தகங்கள்
வெள்ளத்தில் போய்விட்டதுதானே?"

அழிப்பான் என் சட்டைப் பையில்தான் இருந்தது.
"இல்லை" என்றேன்.
சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.
"டெஷாவிடம் காட்டு" என்றாள்,
"நான் ஊரில் இல்லாத அன்றைக்கு."